மேப்பில் சேரி எங்கே இருக்கு?

வீடியோ கேமுக்கெல்லாம் இலக்கியப் பத்திரிகையில் எதுக்கு விமர்சனம் என்று கேட்பார்கள். சினிமாவைப் பற்றி எழுதத் தொடங்கியபோதும் இதையேதான் கேட்டார்கள். அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் காலனிகளில் இன்றைக்குப் பதினைந்து வயசுப் பையன் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கண் மூடாமல் வாசிக்கிற பிரதி எதுவென்று பாருங்கள். நாவல் இல்லை, கவிதை இல்லை, நம்ம பத்திரிகையும் இல்லை. கையில் இருக்கிற போன்தான். அதில் அவன் யாராக மாறுகிறான், யாருடைய கண்ணால் பார்க்கிறான், யாருக்காகச் சாகிறான் என்று நாம் கேட்கவில்லை என்றால் வேறு யார் கேட்கப் போகிறார்கள்?

அண்மையில் ஆடிப் பார்த்த சில ஆட்டங்களைப் பற்றிச் சொல்கிறேன். எதை ஆடலாம், எதை யோசித்து ஆடலாம் என்றும் சொல்கிறேன். என்னிடம் இருக்கிற அளவுகோல் ஒன்றுதான்: இந்த ஆட்டத்தின் மேப்பில் சேரி எங்கே இருக்கு?

நம்ம மண்ணிலிருந்தே தொடங்கலாம். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' 1999இல் வந்த ஆட்டம். பிரவுசிங் சென்டர் காலத்திலேயே நம்ம பசங்களுக்குப் பழக்கமானது. 2013இல் அதில் 'இந்தியர்' என்று மொத்தமாக ஒரு இனத்தைச் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' வந்தபோது அதைப் பிரித்து இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று ஆக்கினார்கள். அந்தத் திராவிடர் கணக்கில் வருகிற கதை ராஜேந்திர சோழனுடையது. கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டியவன். அரியலூர் மாவட்டத்துக்காரன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 2025 பிப்ரவரியில் வந்த 'சிவிலைசேஷன் 7' ஆட்டத்திலும் சோழர் வந்துவிட்டார்கள். நூறு வருசம் திராவிடம் பேசிய நாட்டிலிருந்து உலக விளையாட்டுக்குப் போன திராவிடர் யார் என்றால் ராஜாதான். வேறு எவனும் போகவில்லை.

ஆடாதவர்களுக்காக ஆட்டத்தின் நடப்பைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு முகமில்லை, உடம்பில்லை. மேலே ஆகாயத்திலிருந்து நாட்டைப் பார்க்கிற கண் மட்டும் உண்டு. கீழே 'வில்லேஜர்கள்' இருப்பார்கள். மரம் வெட்டு என்றால் வெட்டுவார்கள். கல் உடை, வீடு கட்டு, கோட்டை எழுப்பு என்றால் செய்வார்கள். வெட்டிய மரத்தையும் விளைந்த சாப்பாட்டையும் வைத்துப் படை திரட்டிப் பக்கத்து நாட்டை அழிக்க வேண்டும்.

இந்த வில்லேஜரைத் தமிழில் என்ன சொல்வது? குடியானவன் என்று சொன்னால் நம்ம பக்கம் அர்த்தமே வேற. குடியானத் தெரு என்றால் நாம் இல்லாத தெரு. ஆட்டத்திலோ அவன் மரமும் வெட்டுகிறான், ஏரும் பிடிக்கிறான், கோயில் மதிலும் கட்டுகிறான். அவன் தொட்டதை எவனும் கழுவிவிடுவதில்லை. அவன் வீட்டை மேப்பில் எந்த மூலையிலும் கட்டலாம். ஆகா, சாதியில்லாத சோழ நாடு! கேட்க நல்லாத்தான் இருக்கு.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகளைப் படித்தால் அந்த நாடு இப்படி இல்லை. கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி கட்டாத நிலங்களைக் கணக்கெடுக்கும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு என்று சொல்லிக்கொண்டே வந்து பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருசத்துக்கு முன்னாலேயே சேரிக்கு எல்லைக் கல் நட்டாயிற்று. வெட்டி என்று கூலியில்லாத வேலைக்கே பெயர் வைத்திருந்தார்கள். இன்றைக்கும் 'வெட்டி வேலை' என்று வாய் தவறிச் சொல்கிறோமே, அதில் நம்ம பாட்டன் முப்பாட்டன் வேர்வை இருக்கு. சேரியை எழுதி வைத்தவன் ராஜா. அதை அழித்துவிட்டது கம்ப்யூட்டர். இரண்டில் எது மேல்? கல்வெட்டே மேல் என்பேன். அது நம்மை ஒதுக்கினாலும் நாம் இருந்தோம் என்பதை மறைக்கவில்லை. இந்த ஆட்டம் நம்மை ஒதுக்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உழைத்தவனின் இடத்தைத் துடைத்துவிட்டது.

ஆனால் ஆட்டம் தன்னை அறியாமல் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஒரு வில்லேஜரை உண்டாக்க 50 சாப்பாடு செலவு. அதுக்கப்புறம் அவன் சாகிறவரைக்கும் கூலி இல்லை, கூழும் இல்லை. ராத்திரி பகல் கிடையாது. எவனாவது சும்மா நின்றால் அவனைக் காட்டிக்கொடுக்கத் திரையில் தனியாக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் சும்மா நிற்கிறவன் இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய் விடும். பண்ணையில் நின்ற காரியக்காரன் வேலையை அந்தப் பொத்தான் பார்க்கிறது. ஆள் வேண்டாம் என்றால் டிலீட் பொத்தானைத் தட்டலாம், அங்கேயே விழுந்து செத்துப்போவான். அவன் தமிழில் பதில் சொல்கிறான் என்று இணையத்தில் பெருமைப்படுகிறவர்கள், அவன் எதற்குப் பதில் சொல்கிறான் என்று யோசிப்பதில்லை. ஏவலுக்குத்தான் பதில் சொல்கிறான்.

இன்னொன்று, வயலுக்குத் தண்ணி வேண்டாம். 60 மரம் கொடுத்தால் வயல் வந்துவிடும். மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற பெரம்பலூர்க்காரன் சிரிக்கத்தான் செய்வான். ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் என்ற ஏரி, இன்றைய பொன்னேரி, கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. நீரால் நட்ட வெற்றித்தூண் என்ற பொருளில் திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் புகழ்கிறது. அந்தத் தூணுக்கு மண் சுமந்த கூடை யார் தலையில் இருந்தது? ராஜேந்திரன் பெயரில் வந்த ஆட்டத்தில் ஏரி வெட்டுகிற வேலையே கிடையாது. வெட்டியவனை மறைக்க வேண்டும் என்றால் ஏரியையே மறைத்துவிடுவது எளிது. திராவிடருக்கு என்று கொடுத்த தனி வீரன் உறுமி வாள் வீசுகிறான். நமக்கு உறுமி என்றால் மேளம். வாள் வந்துவிட்டது, மேளம் வரவில்லை. பறையடித்துப் படையைக் கூட்டுகிற ஆள் ஒருத்தனும் இல்லை.

இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று விட்டுவிட முடியாது. 2019 ஜூனில் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. ரஞ்சித், ராஜராஜன் காலத்தில் நம்ம ஜனங்களின் நிலம் போனதைப் பேசினார். வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலை 27 அன்று பிரதமர் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்து ராஜேந்திரன் நினைவாக நாணயம் வெளியிட்டார். ராஜாவைப் புகழ்ந்தால் நாணயம், ராஜாவைக் கேள்வி கேட்டால் வழக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் நம்ம பையன் உட்கார்ந்து ராஜேந்திரன் படையை நடத்திக்கொண்டிருக்கிறான். ஜெயித்தால் தன் ஜெயம் என்று நினைக்கிறான். அதைத்தான் பேச வேண்டியிருக்கு.

ஆட்டத்தின் தொடக்கத்தையும் பாருங்கள். ஆளுக்கு மூன்று வில்லேஜர், ஒரு குதிரைக்காரன், ஒரே அளவு சாப்பாடு, ஒரே அளவு மரம். அதுக்கப்புறம் திறமை உள்ளவன் ஜெயிப்பான். தகுதி, திறமை என்று பேசுகிறவர்களின் கனவுலகம் இதுதான். பரீட்சை அன்றைக்குக் காலையில்தான் எல்லாருக்கும் வாழ்க்கை தொடங்குகிறது என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கினாள். நீட் என்ற புது மேப்பில் அவளை இறக்கிவிட்டு எல்லாருக்கும் ஒரே விதி என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பார்த்தாள். 2017 செப்டம்பர் 1இல் அவளை இழந்தோம். 'ஒரே விதி' என்ற சொல்லைக் கேட்டால் இந்த மாவட்டத்துக்காரனுக்குச் சந்தேகம் வரத்தான் வேண்டும், ஆட்டமாக இருந்தாலும்.

இனி போன் ஆட்டங்கள். பப்ஜி 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டு 2021 ஜூலையில் வேறு பெயரில் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடையானது. பெரியவர்கள் இவற்றைத் திட்டுகிறார்கள். பசங்க ஏன் விழுகிறார்கள் என்று கேட்பதில்லை. விமானத்திலிருந்து அத்தனை பேரும் வெறுங்கையோடு குதிக்கிறார்கள். எந்த வீட்டுக்குள்ளும் கதவைத் தள்ளிக்கொண்டு போகலாம். எவனும் வாசலில் நிறுத்துவதில்லை. நம்ம தெருப் பையனுக்கு இது சின்ன விசயம் இல்லை. பக்கத்துத் தெருவில் செருப்போடு நடந்தால் முறைக்கிறவன் இருக்கிற ஊரில், மாடி வீட்டுக்குள் ஓடி ஏறுகிற சுகம் அவனுக்கு அங்கேதான் கிடைக்கிறது. மைக்கைத் திறந்தால்தான் கதை மாறுகிறது. "ப்ரோ எந்த ஊரு?" "ஜெயங்கொண்டம் பக்கம் ப்ரோ." "பக்கம்னா எந்தத் தெரு?" பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம், சிங்கப் படம், குழுவுக்கு சாதிப் பெயர். இப்படிப்பட்ட ஆட்டத்தில் என் காதால் கேட்ட பேச்சு இது. மேப்பில் சேரி இல்லை, ஆனால் ஆடுகிறவன் வாயில் இருக்கு. அதனால் பசங்களுக்கு நான் சொல்வது: ஆடுங்கள், அளவோடு ஆடுங்கள். தெரு கேட்கிறவனுக்குத் தலை குனிந்து பொய் சொல்லாதீர்கள். அவனைக் குழுவிலிருந்து தூக்குங்கள்.

இந்தியாவிலேயே செய்த ஆட்டம் ஒன்று, 'ராஜி'. புனேயிலிருந்து 2020இல் வந்தது. ராஜி ஊர் ஊராகப் போய் வித்தை காட்டுகிற கூட்டத்துப் பெண். தம்பி கோலுவை அசுரர்கள் தூக்கிப் போய்விடுகிறார்கள், தேடிப் போகிறாள். சுவரில் ஓடுவது, தூணில் சுழல்வது என்று அவள் கற்ற கழைக்கூத்துத்தான் அவள் சண்டை. வயிற்றுப்பாட்டுக்கு ஆடிய வித்தையை வீரமாகக் காட்டியது நல்ல வேலை. ஆனால் துர்க்கை வந்து திரிசூலம் கொடுத்த பிறகுதான் அவள் ஆளாகிறாள். கதையையும் துர்க்கையும் விஷ்ணுவுமே சொல்கிறார்கள். அவளை ஊருக்குள் தங்கவிடாத சமூகத்தைப் பற்றிப் பேச்சில்லை. அசுரன்தான் எதிரி. அசுரன் என்று யாரைச் சொன்னார்கள் என்ற பழைய கேள்வியும் அப்படியே நிற்கிறது. ஆடலாம், அழகான ஆட்டம். அசுரனை வெட்டும்போது மட்டும் கொஞ்சம் நிதானம்.

'வெண்பா'வுக்கு வருகிறேன். கனடாவின் டொராண்டோவில் தமிழர் கையால் உருவாகி 2023 ஜூலையில் வந்தது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதை, முதல் படைப்புக்கான பிரிவில் வாங்கியது. 1988இல் கனடாவுக்குக் குடிபோன வெண்பா, புருசன் பாவலன், மகன் கவின். அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை நாமே யோசித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். துப்பாக்கி இல்லை, ராஜா இல்லை. ஒரு தமிழ்ப் பொம்பளையின் கைப்பக்குவம்தான் ஆட்டம். மகன் தமிழில் பேசக் கூச்சப்படும்போது தாய் மனசு படுகிற பாடு எவரையும் கலக்கிவிடும். கட்டாயம் ஆடுங்கள்.

ஆனாலும் ஒன்று கேட்கத்தான் வேண்டும். இந்தக் குடும்பம் எந்தத் தெருவிலிருந்து கப்பலேறியது? வெள்ளைக்காரன் முன்னால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கூச்சப்படுகிற வலி உண்மைதான். நம்ம பிள்ளைக்கு அந்தக் கூச்சம் கனடாவில் தொடங்கவில்லை. சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே, தமிழ்ப் பிள்ளைகள் முன்னாலேயே தொடங்கியது. மாட்டுக்கறியும் உப்புக்கண்டமும் சுட்ட கருவாடும் எந்த அம்மாவும் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரியாததும் ஒரு காரணம். எழுதினால் யார் கண்ணில் படுமோ என்ற பயமும் ஒரு காரணம். கிழிந்த புத்தகமாவது வெண்பாவுக்கு இருந்தது. நமக்கு எழுதப்படாத புத்தகம். 'வெண்பா'வைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அது காட்டிய வழியில் இன்னும் உள்ளே போகலாம் என்கிறேன்.

அப்படி உள்ளே போனவர்கள் வேறு நாடுகளில் இருக்கிறார்கள். அலாஸ்காவின் இனுப்பியாக் மக்கள் 2014இல் தங்கள் பழங்கதை ஒன்றை 'நெவர் அலோன்' என்ற ஆட்டமாக்கினார்கள். நூனா என்ற சிறுமியும் ஒரு வெள்ளை நரியும் பனிக்காற்றில் போகிற கதை. நடுநடுவே அந்த மக்களே வந்து தங்கள் வாழ்க்கையைப் பேசுகிறார்கள். பழங்குடி அமைப்பே முன்நின்று செய்ததால் வெளியாள் வந்து இரக்கப்படுகிற தொனி இல்லை. இது போனுக்கும் வந்தது. 2019இல் வந்த 'வென் ரிவர்ஸ் வேர் ட்ரெயில்ஸ்' 1890களில் நிலம் பறிக்கப்பட்ட அனிஷினாபே மக்களின் நடைப்பயணம். காசில்லாமல் கிடைக்கிறது. இதில் நிலம் பிடிப்பது ஆட்டம் இல்லை, நிலத்தை இழந்து நடப்பதுதான் ஆட்டம். பஞ்சமி நிலம் பேசுகிறவர்கள் ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2013இல் வந்த 'ஃப்ரீடம் க்ரை'யில் அடிமையாகப் பிறந்து விடுதலையான கறுப்பன் அதேவாலேதான் நாயகன். தோட்டங்களில் அடிமைகளை விடுவிக்கிறான். நல்லதுதான். ஆனால் இத்தனை பேரை விடுவித்தால் இந்த ஆயுதம் கிடைக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். விடுதலையானவன் மறுபடி எண்ணிக்கையாகி நாயகனின் பையில் விழுகிறான். நம்ம கதையைச் செய்யும்போதும் இந்தப் பள்ளம் காத்திருக்கும்.

செய்ய முடியுமா என்றால், முடியும். பெரம்பலூரிலும் அரியலூரிலும் இன்ஜினியரிங் படித்துவிட்டு சிமெண்ட் ஆலை வாசலில் காண்ட்ராக்ட் வேலைக்கு நிற்கிற நம்ம பிள்ளைகள் எத்தனை பேர்! கம்ப்யூட்டர் மொழி தெரிந்த கை அவர்களுடையது. ஏரிக்கு மண் சுமந்த கதை, சுண்ணாம்புக்கல் வெட்டிய கதை, கருவாட்டுக் குழம்பின் கதை, ஒரு குடம் தண்ணிக்கு நாலு தெரு சுற்றிய கதை கிழவிகளிடம் இருக்கு. இரண்டு பேரையும் ஒரு திண்ணையில் உட்கார வைக்க வேண்டியது எழுதுகிற நம்ம வேலை. முதலில் மேப்பை வரையட்டும். ஊர் எங்கே, சேரி எங்கே, நடுவில் கிடக்கிற பாதையில் யார் எப்போது நடக்கலாம் என்று ஒளிக்காமல் வரையட்டும். அந்தப் பாதையைக் கடப்பதுதான் முதல் லெவல்.