வளர்ச்சி வீதமும் வடமாகாணமும்: ஓர் அளவுகோல் பற்றிய விமர்சனக் குறிப்பு

பொருளாதாரம் பற்றிய எமது விவாதங்களில், மெய் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஆண்டு வளர்ச்சி வீதம் ஏறத்தாழ இறுதித் தீர்ப்பாகவே கொள்ளப்படுகின்றது. ஒரு நாட்டின் எல்லைக்குள் ஓராண்டில் உற்பத்தியாகும் முடிவுப் பொருட்கள், சேவைகள் ஆகியவற்றின் பெறுமதி, விலை மாற்றத்தின் பாதிப்பு நீக்கப்பட்டபின், முன்னைய ஆண்டிலும் பார்க்க எவ்வளவு மாறியுள்ளது என்பதையே அவ்வீதம் கூறும். அது கூறுவது அவ்வளவே. அதன் பெயரால் கூறப்படுவனவோ மிகப் பல.

விலை மாற்றத்தை நீக்குதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு 2022 ஆம் ஆண்டே சான்று. எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற அவ்வாண்டில், நடைமுறை விலைகளில் இலங்கையின் உற்பத்திப் பெறுமதி மூன்றிலொரு பங்குக்கு மேல் உயர்ந்தது! நிலையான விலைகளிலோ உற்பத்தி 7.8 வீதம் வீழ்ந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டு, பின்னர் அது 7.3 வீதமெனத் திருத்தப்பட்டது. (தசமத்தானம் வரை துல்லியம் பேசுவோர் இத்திருத்தத்தை மனங்கொள்ளல் நன்று.)

எனினும், மெய் வளர்ச்சி வீதமும் ஒரு வேகமானியே. எங்கு நிற்கின்றோம் என்பதை அது காட்டாது. 2023 இல் உற்பத்தி மேலும் 2.3 வீதம் சுருங்கியது. 2024 இல் 5 வீதம் வளர்ந்தது. இந்த 5 வீதம் மீட்சியின் அறிகுறியெனப் பெரிதும் பேசப்பட்டது. 2021 ஆம் ஆண்டின் உற்பத்தியை 100 எனக் கொள்வோமாயின், அது 2022 இல் 92.7 ஆகவும் 2023 இல் 90.6 ஆகவும் தாழ்ந்து, 2024 இல் 95.1 ஐ மட்டுமே எட்டியிருக்கும். நல்ல வளர்ச்சி பெற்ற அவ்வாண்டின் முடிவிலும், மூன்றாண்டுகளுக்கு முன் இருந்த நிலையை நாடு அடையவில்லை. தாழ்ந்த அடித்தளத்திலிருந்து எழும்போது வீதம் பெரிதாகத் தோன்றுதல் கணிதத்தின் இயல்பு.

இவ்வியல்பு அரசியலுக்கு எவ்வாறு பயன்படலாம் என்பதை, 2009 இல் யுத்தம் முடிவுற்றதை அடுத்து வடமாகாணம் பற்றி வெளியான புள்ளிவிபரங்களிற் காணலாம். 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் வடமாகாணத்தின் வளர்ச்சி 20 வீதத்தை மிஞ்சியதென அறிவிக்கப்பட்டது. நாட்டின் மெய் வளர்ச்சியோ அப்போது 8 வீதத்தை ஒட்டியிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து, வடக்கு வசந்தம் கண்டுவிட்டது என மேடைகளில் முழங்கினர். மாகாண மதிப்பீடுகள் நடைமுறை விலைகளில் அமைந்தவை என்பதும், ஆகவே விலையேற்றம் அவற்றுள் அடங்கியிருந்தது என்பதும் அம்முழக்கங்களில் இடம்பெறவில்லை. ஒப்பிடத் தகாதன ஒப்பிடப்பட்டன. அவ்வாண்டுகளில் தேசிய உற்பத்தியில் வடக்கின் பங்கு 4 வீதத்தை எட்டாமலோ ஒட்டியோதான் இருந்தது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் நாட்டு மக்களில் 5 வீதத்துக்குச் சற்று மேற்பட்டோராவர்.

இதனினும் ஆழமான குறைபாடு கணக்கிடும் முறையிலேயே உள்ளது. குண்டுவீச்சில் ஒரு வீடு தரைமட்டமாகும்போது, மொத்த உற்பத்தியிலிருந்து அவ்விழப்பு கழிக்கப்படுவதில்லை. அதே நிலத்தில் மீண்டும் வீடு எழும்போது, கட்டட வேலையின் பெறுமதி உற்பத்தியிற் சேர்கின்றது. அழிவு ஏட்டில் இல்லை. அழிவைச் செப்பனிடுதல் வளர்ச்சியாகப் பதிவாகின்றது. மீளத் திறந்த வீதிகளும் புதிதாகத் தோன்றிய வங்கிக் கிளைகளும் அவ்வாறே பதிவாயின. அவை தேவையற்றவை என்பதன்று எமது வாதம். கடலுக்கு மீண்டும் செல்ல முடிந்த மீனவனுக்கும், தன் வயலை மீண்டும் உழுத விவசாயிக்கும் அம்மாற்றம் உண்மையானதே. ஆனால் அவர்கள் முன்னர் பெற்றிருந்ததை மீளப் பெற்றதனையே வீதம் புதிய ஈட்டமாகக் காட்டியது.

தேசிய வருமானத்தைக் கொண்டு ஒரு மக்களின் நலனை முடிவுசெய்தல் அரிது என, அக்கணக்கீட்டுக்கு வழிகோலிய சைமன் குஸ்நெற்ஸ் என்பாரே 1934 இல் அமெரிக்கக் காங்கிரசுக்குச் சமர்ப்பித்த அறிக்கையில் எச்சரித்திருந்தார். வடக்கின் வாழ்க்கையை நோக்குவோர்க்கு அவ்வெச்சரிக்கை இன்னொரு வகையிலும் பொருந்தும். கனடாவிலிருந்து மகன் அனுப்பும் பணம் உள்நாட்டு உற்பத்தியில் அடங்குவதில்லை. அப்பணத்தில் தாய் கட்டுவிக்கும் வீட்டின் வேலை அடங்கும். யுத்தத்தின்பின் அவ்வீட்டில் அவள் ஊதியமின்றி வளர்த்தெடுக்கும் பேரப்பிள்ளைகளுக்கான உழைப்போ எவ்விடத்தும் அடங்குவதில்லை.