அடிவாரத்திலேயே வேகத்தைக் குறைப்பவர்

ஞாயிறு விடியலில் ஏற்காடு மலைப்பாதையில் லாங் ரன் ஓட வருகிறவர்களிடம் தங்களோடு ஓடும் ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "சமதளத்துல நல்லா ஓடுவாங்க, ஏத்தம் வந்தா விட்டுடுவாங்க." சுத்தமாகத் தவறான கணிப்பு. அந்தக் கூட்டத்தில் மாரத்தான் ஓடத் தெரிந்தவர் அவர்தான் என்பது என் கட்சி.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவு வருவதற்கு முன்பே, சாலை லேசாக நிமிரும் இடத்தில் அவர் எட்டி வைக்கும் அடியைச் சுருக்கிவிடுகிறார். மூச்சு வாங்கிய பிறகு குறைப்பவர்கள் நிறைய பேர். இவர் மூச்சு வாங்குவதற்கு முன்பே குறைக்கிறார். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓடுகிறவர் இங்கே எட்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறார். அடிதான் சிறிதாகிறது, காலின் தாளம் மாறுவதில்லை. பார்வை பத்தடி முன்னால் இருக்கும். கைக்கடிகாரத்தின் பக்கமே திரும்பாது. வண்டி வராத நேரம் பார்த்து வளைவின் வெளியோரத்தைப் பிடிக்கிறார். தூரம் கொஞ்சம் கூடும், ஆனால் உள்ளோரத்தின் செங்குத்து அங்கே இல்லை. அதற்குள் ஐந்தாறு இளைஞர்கள் "வாங்கக்கா, வாங்கக்கா" என்று அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். "நீங்க போங்க தம்பி, மேல டீக்கடையில பார்க்கலாம்" என்பார் அவர். மூச்சு உடையாமல் வரும் அந்த முழு வாக்கியத்தைத்தான் நான் கவனிக்கிறேன். தாண்டிப் போனவர்களுக்கு அடுத்த வளைவில் "ம்" சொல்லக்கூட மூச்சு மிஞ்சாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஏற்றத்தில் இவர் விட்டுக்கொடுப்பது ஒன்றரை நிமிடம். வேகத்தை விடாமல் ஏறுகிறவர் தசையில் எரிபொருளாகச் சேர்த்து வைத்த கிளைகோஜனை அங்கேயே கொட்டிவிடுகிறார். மாரத்தானின் 42.195 கிலோமீட்டரில் அது தீர்ந்துபோவது பெரும்பாலும் 30-ஐத் தாண்டிய பிறகு. அப்படித் தீர்ந்து, கடைசி எட்டு கிலோமீட்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கூடினாலும் எட்டு நிமிடம் போய்விடும். மும்பை மாரத்தான் ஓடியவர்களுக்கு பெடர் ரோடு நினைவிருக்கும். 35 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் களைத்த கால்களுக்கு முன்னால் வந்து நின்ற ஏற்றம் அது. வேறெங்கும் வந்திருந்தால் கண்ணில்கூடப் பட்டிருக்காது.

ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நம் ஆட்கள் இறக்கத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. தசை நார்களில் நுண்ணிய கிழிசல் விழுவது அப்போதுதான். மறுநாளோ அதற்கு மறுநாளோ மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடிக்கிறோமே, அது இதனால்தான். பாஸ்டன் மாரத்தானில் எல்லோரும் அஞ்சுவது 32-வது கிலோமீட்டரையொட்டி வரும் ஹார்ட்பிரேக் ஹில்லைத்தான். அதன் உயரம் 30 மீட்டர்கூட இல்லை. அதற்கு முன்னால், முதல் 25 கிலோமீட்டர் பெரும்பாலும் இறக்கம். அங்கே குஷியாகப் பறந்தவர்களின் தொடைதான் பிறகு அந்தச் சின்ன மேட்டில் கைவிடுகிறது.

நம்மவர் இதையும் புரிந்து வைத்திருக்கிறார். மாதம் இருமுறை ஏற்காட்டிலிருந்து ஓடியே இறங்குகிறார். குதிகாலால் பிரேக் போடுவதில்லை. குட்டி அடி, வேகமான தாளம், உடல் சற்றே முன்சாய்ந்து. முதல் முறை வலிக்கும். அந்த வலியிலிருந்து தேறிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். சென்னையில் ஏற்றம் என்றால் மேம்பாலம், மிஞ்சிப்போனால் பரங்கிமலை. அங்கே பயிற்சி எடுப்பவர்களும் மேலே ஓடிவிட்டுக் கீழே நடந்து வருகிறார்கள். பாதிப் பயிற்சியை நடந்தே தொலைக்கிறார்கள்.

ஜனவரியில் இந்தக் கூட்டம் மொத்தமும் மும்பை மாரத்தானுக்குப் போகிறது. பாதித் தூரத்தில் இளைஞர்கள் அவரைவிடப் பத்து நிமிடம் முன்னால் இருப்பார்கள். 34-க்கும் 38-க்கும் இடையில் குறைந்தது நான்கு பேர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். அவர் 4 மணி 35 நிமிடத்துக்குள் முடிப்பார், இரண்டாம் பாதியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் இழக்க மாட்டார். போன ஞாயிறு அந்த இளைஞர்களில் ஒருவர் மட்டும் மூன்றாவது வளைவில் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, உச்சி வரைக்கும் அவர் பின்னாலேயே ஓடினார். அந்தத் தம்பிக்கும் நல்ல நேரம் வரும் என்று எழுதி வைக்கிறேன்.