தந்தையைத் தேடலும் முன்னோர் பகையும்: ‘ஆயிரத்தில் ஒருவன்’

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த லாஸ்ட் குரூசேட்’ (1989) திரைப்படத்தில், இயேசுவின் இறுதி இராவுணவுக் கிண்ணத்தைத் தேடிக் காணாமற்போன தந்தையை, அவர்தம் குறிப்பேட்டின் துணைகொண்டு மகன் தேடுகிறான். முடிவில் கிண்ணம் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அதனை விட்டுவிடுமாறு தந்தை கூறுகிறார், மகனும் விட்டுவிடுகிறான்.

செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010) இவ்வமைப்பை நினைவூட்டுவது. மறைந்துபோன தொல்லியலாளரைத் தேடும் குழுவில் அவர் மகள் லாவண்யாவும் இடம்பெறுகிறாள். பிற்பகுதியில் அத்தேடல் பின்தள்ளப்பெறுகிறது. இதனைத் திரைக்கதையின் தளர்ச்சி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. முன்னோர் விட்டுச்சென்றதைச் சுமப்பவள் பாண்டியர் வழிவந்த அனிதாவே. சோழர் கொண்டுசென்ற குலதெய்வச் சிலையை மீட்க வந்த அவளிடம், விட்டுவிடுமாறு கூறத் தந்தை எவருமில்லை. லாவண்யாவின் பாத்திரம் இதனால் மெலிந்துபோவதும் மறுக்கவியலாதது.