‘ம்’ கொட்ட முடியாத இடங்கள்: இரு நாவல்கள் பற்றி ஒரு வாசகக் குறிப்பு

2004 ஆம் ஆண்டில் தமிழில் இரு நாவல்கள் வெளிவந்தன. ஒன்று ஷோபாசக்தியின் ‘ம்’. மற்றையது சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. இரண்டுமே வாசகனை நிம்மதியாக உறங்கவிடாதவை. ஆனால் எமது வட்டாரத்தில் இவற்றுக்குக் கிடைத்த வரவேற்பு ஒரே மாதிரியானதல்ல. முன்னதைத் துணிச்சலான சுயவிமர்சனம் என்று மெச்சியவர்களே, பின்னதை வீட்டு அழுக்கைத் தெருவில் கொட்டிய எழுத்து என்று முகம் சுழித்ததை இலக்கியச் சந்திப்புகளில் கேட்டிருக்கிறேன். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

1983 ஜூலை 25, 27 ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட கொடூரம் ‘ம்’ நாவலின் நடுவே இருக்கிறது. தப்பியவர்கள் கொண்டுவரப்பட்டது எங்கள் மட்டக்களப்புச் சிறைக்குத்தான். அதே ஆண்டு செப்டெம்பரில் அச்சிறை உடைக்கப்பட்ட கதையைக் கேளாமல் வாவிக்கரையில் யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். ஆகவே அந்தப் பக்கங்கள் எனக்குத் துயரைத் தந்தன; அதிர்ச்சியைத் தரவில்லை. கத்தியும் பொல்லும் இந்த மண்ணுக்குப் புதியவையா என்ன? அதிர்ச்சி வேறிடத்தில் காத்திருக்கிறது. சித்திரவதைகளைக் கடந்து, அந்நிய நாட்டில் குடியேறி, நமது இரக்கம் முழுவதையும் பெற்றுக்கொண்ட நேசகுமாரன்தான் தன் மகள் நிறமியின் கர்ப்பத்துக்குக் காரணம் என்று தெரியவருகிறது. கதை கேட்பவராக அதுவரை நாம் கொட்டிவந்த ‘ம்’ அந்த இடத்தில் தொண்டையில் சிக்கிவிடுகிறது.

பாதிக்கப்பட்டவன் என்பதனால் ஒருவன் பரிசுத்தவானாகிவிடுவதில்லை என்று சொல்லும் நாவல் அது. நம்மவர் அதை விரும்பியதன் காரணம் எனக்கு விளங்குகிறது. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற 100க்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முற்றாக வெளியேற்றப்பட்டார்கள். இத்தனைக்கும் பிறகு, தமிழ்ப் போராட்டத்தின் உள்ளிருந்தே ஒருவர் தம்மவரைக் கேள்வி கேட்டால் அது நமக்கு ஆறுதல்தான். ஆனால் அந்த ஆறுதல் இலக்கிய அனுபவமாகாது. அயலவன் வளவுக்குள் எட்டிப் பார்க்கும் திருப்தி அது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, நேசகுமாரனிடம் கேட்கப்பட்ட கேள்வி எழுவான்கரையில் நம் வாசலுக்கே வந்து நின்றது. அதன்பின் ‘ம்’ நாவலை மீண்டும் எடுத்தேன். முதல் வாசிப்பில் இருந்த திருப்தி அப்போது இருக்கவில்லை. நாவல் பெரிதாகத்தான் தெரிந்தது.

அதேவேளை ஒரு குறையும் பட்டது. நேசகுமாரனின் கடந்தகாலத்துக்கு விரிந்து கிடக்கும் இடத்தோடு பார்த்தால் நிறமிக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். தகப்பனின் வீழ்ச்சியை நமக்குக் காட்டும் கருவியாக அப்பிள்ளை ஆகிவிடுகிறாளோ என்று தோன்றுகிறது. இருண்ட நாவல்கள் பலவற்றில் பெண்ணுடல் இப்படி உருவகமாகப் பயன்பட்டுப்போவதை நான் ரசிப்பதில்லை.

சல்மாவின் நாவலில் இந்தக் குறை இல்லை. அங்கே பெண்கள் ஓயாமல் பேசுகிறார்கள். பச்சையாகக் கேலிசெய்து சிரிக்கிறார்கள். நம்மவரில் பலரை எரிச்சலூட்டியது இந்தச் சிரிப்பே என்பது என் எண்ணம். சிறுமி றாபியா வீடு வீடாக ஓடித்திரிகிறாள். அவள் பின்னால் நாமும் போகிறோம். சமையலும் நோன்பும் கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருக்கும்போதே இருட்டு கூடிவருகிறது. எந்த எச்சரிக்கையும் இல்லை. இறுதியில் கணவனைப் பிரிந்துவந்த பிர்தவ்ஸ், வேற்றுமதத்தவன் ஒருவனோடு கொண்ட உறவு வெளிப்பட்டதும், பெற்ற தாயே நஞ்சை நீட்டுகிறாள். அந்தத் தாய் அரக்கியல்ல. நம் தெருவில் எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய, தொழுகை தவறாத, பிள்ளைப் பாசமுள்ள ஓர் உம்மா. துப்பாக்கி ஏந்தியவனை வெறுத்துவிட்டு நான் தூங்கலாம். இவளை என்ன செய்வது?

“இது துவரங்குறிச்சிக் கதை, நம் கதையல்ல” என்பார்கள் சிலர். இந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. கிழக்கில் நாம் தாய்வழிக் குடி முறையில் வந்தவர்கள். இங்கே வீடு சீதனமாகப் பெண்ணுக்குப் போகிறது; மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறான். விவாகம் முறிந்தாலும் பெண் தெருவில் நிற்பதில்லை, வெளியேறுபவன் ஆண்தான். இது பெருமைப்பட வேண்டிய வழக்கமே. ஆனால் நாவலில் ஆண் வந்து கதவை உடைக்கவில்லை என்பதை இவர்கள் கவனிப்பதில்லை. பெண்கள் ஆளும் வீட்டுக்குள், தாயின் கையிலிருந்துதான் நஞ்சு வருகிறது. வீட்டு உறுதி பெண்ணின் பெயரில் இருக்கும் நம் ஊர்களில், மானத்துக்குக் காவல் நிற்கும் வேலையும் பெரும்பாலும் உம்மாமாரிடந்தான் இருக்கிறது. ஆகவே நம் குடி முறையைக் காட்டி சல்மாவை மறுக்கப்போனால் அது அவருக்கே சாட்சி சொல்வதில் முடிகிறது.

நாவலில் நீளம் அதிகம். பாத்திரங்களின் உறவுமுறையை நினைவில் வைப்பது முதல் 100 பக்கங்களில் சிரமம். அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

என்னோடு கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், மூன்று பெண்பிள்ளைகளின் தாய், இந்நாவலை வாங்கிப்போய் நோன்பு விடுமுறையில் வாசித்தார். மோசமான புத்தகமென்று திட்டுவார் அல்லது புகழ்வார் என எதிர்பார்த்தேன். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: “அந்த உம்மாவக் கோவிக்க எனக்கு ஏலாமக் கிடக்கு சேர். அதுதான் பயமாக் கிடக்கு.”