செஞ்சி கைதிக் கிணறும் காணாமல் போன ஒரு ‘ஆம்’மும்

போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது என் மகள் கோட்டைக்கு வரமாட்டேன் என்றாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வருஷத்துக்கு நாலு தடவையாவது ராஜகிரி அடிவாரம் வரைக்கும் என்னோடு வந்து, குரங்குக்குப் பயந்து பொரிப் பொட்டலத்தைத் துப்பட்டாவுக்குள் ஒளித்து வைக்கிற பெண். என்ன பாப்பா ஆச்சு என்று கேட்டால், "கைதிக் கிணத்துல இருந்து ராத்திரில அழுகை கேக்குதுப்பா" என்றாள். யார் சொன்னா? காதில் இருந்த ஹெட்போனைக் காட்டினாள்.

சரி, கேட்டுவிடுவோம் என்று திண்டிவனம் வழியாகச் சென்னைக்குத் திரும்பும்போது காரில் போட்டேன். தமிழில் இப்போது பெருகிக் கிடக்கும் மர்ம, அமானுஷ்ய, உண்மைக் குற்ற ஒலித்தொடர்களில் ஒன்று. பெயர் வேண்டாம், ஏன் என்பது கீழே புரியும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2025 ஜூலையில் மராத்திய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள் இல்லையா, அதில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். அந்தச் செய்தியோடு ஆரம்பித்து, பத்தாவது நிமிடத்தில் நேராகக் கிணற்றுக்குள் இறக்கிவிடுகிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கதை சொல்பவருக்கு அருமையான குரல். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஆள். ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு மூன்று விநாடி ஒன்றுமே இல்லாமல் விடுகிறார். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த எனக்கே பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. படம் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம், காதுக்கு இமை கிடையாது. அந்த பலவீனத்தை இவர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

பாதியைத் தாண்டியபோது ஒரு வாக்கியம் வந்தது. "மரண தண்டனை பெற்ற கைதிகள் இதற்குள் தள்ளப்பட்டு, பட்டினியால் துடித்துச் செத்தார்கள்." அடுத்து சங்கிலி இழுபடும் சத்தம், ஓர் ஆணின் முனகல்.

வண்டியை ஓரங்கட்டினேன். அந்த வாக்கியம் என்னுடையது. 2017-இல் இதே தளத்தில் செஞ்சி நீர்நிலைகள் பற்றி எழுதிய குறிப்பில், போகிறபோக்கில் நான் எழுதிய வரி. ‘துடித்து’ உட்பட.

கிணற்றைப் பார்க்காதவர்களுக்காக: ராஜகிரி பக்கம், சக்கரக்குளத்துக்கு அருகில் இருக்கிறது. கிணறு என்றால் தோண்டிய கிணறு இல்லை. இன்னொரு பாறை மேல் உட்கார்ந்திருக்கும், சுமார் 15 முதல் 20 அடி உயரமுள்ள பெரிய பாறாங்கல். அதன் நடுவே இயற்கையாகவே மேலிருந்து கீழ் வரை ஒரு பொத்தல். அடிப்பக்கத்தைக் கட்டுமானம் வைத்து அடைத்து, மேல் விளிம்பில் வட்டமாகச் சின்னச் செங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத கிணறு. ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் குறிப்புகளில் தொடங்கி இன்றைய சுற்றுலாக் கையேடு வரைக்கும் எல்லோரும் இதைப் பற்றி எழுதும்போது, கைதிகளை உள்ளே போட்டுப் பட்டினியால் சாகவிட்டார்கள் ‘என்று சொல்லப்படுகிறது’ என்றுதான் எழுதுகிறார்கள். எந்தக் கைதி, எந்த ராஜா காலம், எந்த வருஷம், ஒன்றும் கிடையாது. சொல்லப்படுகிறது, அவ்வளவுதான்.

நான் 2017-இல் செய்த வேலை, அந்த ‘சொல்லப்படுகிறது’வை வெட்டியது. ஏன் வெட்டினேன்? வாக்கியம் நீளமாக இருந்தது. இரண்டு வார்த்தை குறைத்தால் ஓட்டம் நன்றாக வந்தது. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. வேலையில் ஒரு நிபந்தனையை நீக்கிவிட்டு ‘எளிமைப்படுத்தினேன்’ என்று குறிப்புப் போடுகிற ஜூனியர் பையனை எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

இந்த இடத்தில்தான் எங்க ஆயா ஞாபகம் வந்தது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேசிங்குராஜன் கதையை ராத்திரி முழுக்கச் சொல்லும். கூத்திலும் பாட்டிலும் கேட்டு மனசில் தங்கியது. "அப்பவே சிங்கவரத்துச் சாமி போகாதேன்னு தலையைத் திருப்பிக்கிச்சாம். இவன் கேக்கலையாம். குதிரை மேல ஏறிட்டானாம்." சிங்கவரம் மலைக்குடைவரையில் படுத்திருக்கும் ரங்கநாதரின் முகம் ஒரு பக்கம் திரும்பியிருப்பதைப் போய்ப் பார்த்து, ‘ஆமா, திரும்பித்தான் இருக்கு’ என்று நான் நம்பிய வயசு உண்டு. ஆனால் ஆயா ஒரு இடத்தில்கூட ‘திருப்பிக்கிச்சு’ என்று சொன்னதில்லை. ‘திருப்பிக்கிச்சாம்.’

அந்த ஆம் லேசுப்பட்டதில்லை. நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்கிற ஒப்புதலை ஒரே அசையில் வினையோடு ஒட்டிவிடுகிற வசதி. இங்கிலீஷில் இதற்குத் தனியாக ஒரு வாக்கியத் துண்டே வேண்டும். நமக்கு ஒரு நெடில், ஒரு மெய். ஆயா சொன்ன பேய்க்கதைகளில் ஒவ்வொரு வாக்கியமும் இந்த முத்திரையோடுதான் முடியும். அதனால் பயம் குறைந்ததா? ஒண்ணுக்குப் போகக்கூட எழுந்திருக்க மாட்டோம்.

இன்றைய ஒலித்தொடர்கள் முதலில் தூக்கியெறிவது இதைத்தான். ‘செத்தார்களாம்’ என்று சொன்னால் பின்னணி இசை எடுபடாது என்று நினைக்கிறார்கள். ஆரம்பத்தில் ஒரு எச்சரிக்கை ஓடும், ‘செவிவழிச் செய்திகளின் அடிப்படையில்’ என்று, மருந்து விளம்பரத்தின் வேகத்தில். பிறகு முழுக்க ‘நடந்தது’, ‘செத்தார்கள்’, ‘கேட்கிறது’. மொத்தத்துக்கும் ஒரே தடவை சொல்லிவிட்டால் போதுமா? பாதியில் வந்து சேர்கிற ஆள், என் பெண் மாதிரி, அதைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

சத்தமும் ஒரு சாட்சிதான். அதுவும் பொய்ச்சாட்சி. அந்த முனகலுக்குக் கொடுத்திருக்கும் எதிரொலி மூன்று நாலு விநாடி நீள்கிறது. அது பெரிய மண்டபத்தின் எதிரொலி. குறுகலான பாறைப் பொத்தலுக்குள் அப்படி வராது. சங்கிலி எங்கிருந்து வந்தது? எந்தக் குறிப்பிலும் சங்கிலி இல்லை. ஆனால் கேட்டவர்கள் மனதில் இனிமேல் செஞ்சிக் கைதிக்குச் சங்கிலி உண்டு. எழுத்தில் ‘சங்கிலி’ என்று போட்டால் எவனாவது ஆதாரம் கேட்பான். சத்தத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

வெளியூர் உதாரணம் ஒன்று. 2014-இல் அமெரிக்காவில் வந்த ‘சீரியல்’ தொடர்தான் இந்த வகையை உலகம் முழுக்கப் பரப்பியது. 1999-இல் பால்டிமோரில் நடந்த ஒரு பள்ளி மாணவியின் கொலையைப் பன்னிரண்டு பகுதிகளாகத் தோண்டியது. அதிலும் கோளாறுகள் உண்டு. செத்துப்போன பெண்ணைவிட சிறையில் இருந்தவர்தான் கதை முழுக்க நிறைந்திருந்தார் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் சாரா கோனிக் தன் சந்தேகத்தை ஒளிக்கவில்லை. கடைசிப் பகுதியிலும் உறுதியான முடிவு இல்லாமல்தான் நிறுத்தினார். நம்மாட்கள் அந்த இசையை எடுத்துக்கொண்டார்கள், சந்தேகத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கையே எடுங்கள். 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். பாகவதரும் என்.எஸ்.கே.யும் தண்டிக்கப்பட்டு, பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். அப்படியானால் கொன்றது யார்? இன்றுவரை விடை இல்லாத வழக்கு. நான் கேட்ட இரண்டு மூன்று ஒலிவடிவங்களும் பாகவதரின் வீழ்ச்சிக்காக வயலினை இழுத்துவிட்டு, செத்தவரை ‘மஞ்சள் பத்திரிகைக்காரர்’ என்ற ஒரு சொல்லில் கடந்துவிட்டன.

செஞ்சித் தொடரில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் கிணறு இல்லை. அதற்குப் பிறகு வரும் செட்டிக்குளம். 1714 அக்டோபர் 3-ஆம் தேதி, ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி தேஜ்சிங் என்கிற தேசிங்கு செத்தான். இருபத்திரண்டு வயசுப் பையன். ஆயா கதையில் வாளை மேலே எறிந்து நெஞ்சில் வாங்கிக்கொள்வான். 1943-இல் சி.எஸ். ஸ்ரீநிவாசாச்சாரி எழுதிய செஞ்சி வரலாற்றில் போர்க்களத்தில் சுடப்பட்டுச் சாகிறான். இரண்டில் எது வேண்டும் என்பதை ஆளாளுக்கு முடிவு செய்துகொள்ளட்டும். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். செட்டிக்குளக் கரையில் ஒரு மேடையைக் காட்டி இந்த இடம்தான் என்கிறார்கள். ராணிப்பேட்டை என்ற பெயரே அவள் நினைவாக நவாப் வைத்தது என்பது மரபு.

தொடரில் அவள் வெள்ளைச் சேலையில் கொலுசுச் சத்தத்தோடு குளக்கரையில் நடக்கிறாள். காதலனைத் தேடுகிறாளாம் (இந்த ‘ஆம்’ என்னுடையது). ஒன்றரை நிமிடம் புல்லாங்குழல்.

பட்டினி போட்டுக் கொன்றதாகச் ‘சொல்லப்படும்’ பெயரில்லாத கைதிகளுக்கு நாற்பது நிமிடம் ஒப்பாரி வைத்தவர்கள், ஓர் இளம்பெண் நெருப்பில் போனதைக் காதல் காட்சி ஆக்கிவிட்டார்கள். செஞ்சியில் ‘உண்மைக் குற்றம்’ என்று ஒன்றைத் தேடினால் இதைவிட வேறு எது? 1829-இல் வங்காளத்திலும் அடுத்த வருஷம் மதராஸ் மாகாணத்திலும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்த விஷயம். அவள் விரும்பிப் போனாளா, யார் கூட நின்றார்கள், அந்த வயசில் ‘மாட்டேன்’ என்று சொல்ல வழி இருந்ததா? ஒரு கேள்விகூட இல்லை. எங்க ஆயாவும் கேட்டதில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ‘ஏறிட்டாளாம்’ என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கும். ஆம் போட்டால் எல்லாம் சரியாகிவிடாது. சில சமயம் அது பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற ஆமாகவும் இருக்கும்.

இப்போது என் இரண்டாவது குற்றம். வீட்டுக்கு வந்ததும், இவர்களுக்கு அறிவியலால் பதில் கொடுக்கிறேன் பார் என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கம் மூடிய குழாய்க்குள் காற்று அதிர்ந்தால் அதன் அடிப்படை அதிர்வெண், ஒலியின் வேகத்தைக் குழாய் நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். காலி பாட்டில் வாயில் ஊதுகிறோமே, கிட்டத்தட்ட அந்தச் சமாச்சாரம். 15 அடி என்றால் 4.57 மீட்டர். நம்மூர் வெயிலில் ஒலி விநாடிக்கு 350 மீட்டர் போகும். வகுத்தேன். 19 ஹெர்ட்ஸ்.

மயிர்க்கூச்செறிந்தது. இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர், தன் ஆய்வகத்தில் பேய் மாதிரி சாம்பல் நிற உருவம் தெரிந்ததற்குக் காரணம் ஒரு மின்விசிறி எழுப்பிய, காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வு என்று 1998-இல் கட்டுரை எழுதினார். ‘பேய் அதிர்வெண்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. செஞ்சிக் கிணறு அதே 19! தலைப்புகூட எழுதிவிட்டேன்.

காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. 15 அடி என்பது பாறையின் உயரம், கிணற்றின் ஆழம் இல்லை. அதே குறிப்புகள் 20 அடி வரை என்றும் சொல்கின்றன. 20 போட்டால் 14 ஹெர்ட்ஸ்தான் வரும். நான் 15-ஐ எடுத்தது அது 19 கொடுத்ததால். வாய் அவ்வளவு அகலமாக இருந்தால் காற்று வீசி எழும் ஒத்ததிர்வு வலுவாக இருக்குமா என்பதும் சந்தேகம். டாண்டி சொன்னதே ஒரு கருதுகோள்தான், நிரூபணமான விதி இல்லை. அவர்கள் சங்கிலி போட்டார்கள், நான் ஹெர்ட்ஸ் போடப் பார்த்தேன். என் சங்கிலி கொஞ்சம் படித்த சங்கிலி, அவ்வளவுதான்.

தொடர்காரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நாகரிகமான பதில் வந்தது: "உங்கள் பதிவில் உறுதியாகத்தானே எழுதியிருந்தீர்கள் சார்?" பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் பெயர் போடவில்லை. 2017 பதிவில் அந்த வரியைத் திருத்தி, எப்போது திருத்தினேன் என்றும் கீழே போட்டிருக்கிறேன். அவர்கள் ஒலிப்பதிவை மாற்றவில்லை. மாற்றுவார்கள் என்றும் தோன்றவில்லை.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்தக் கிணத்துல யாருமே சாகலையாப்பா?" என்றாள். அப்படியும் சொல்லிவிட முடியாதே பாப்பா என்றேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. பேய் இருக்கிறது என்பதைவிட இது மோசம் என்ற மாதிரி பார்த்தாள். போன ஞாயிறு கல்யாண மகால் வரைக்கும் வந்தாள், அதைத் தாண்டி வரவில்லை.

கிணற்றின் ஆழத்தை அளக்கத் தொல்லியல் துறைக்கு அனுமதி கேட்டு எழுதப்போகிறேன். கிடைத்தால், எத்தனை அடி வந்தாலும் அடுத்த குறிப்பில் அப்படியே போடுகிறேன். 15 வந்து தொலைத்தாலும்கூட.