உப்புக் காற்றில் ஒரு கற்றலினா

இலங்கைக் கடலோரத்தில் பிறந்த ஒருவர் வாழ்நாளில் ஒரேயொரு மொடல் விமானம் செய்வதென்றால், அது கற்றலினாவாகத்தான் இருக்கவேண்டும். ஸ்பிற்ஃபயர் அழகு, சீரோ அழகு, டகோட்டாவும் அழகுதான். ஆனால் கடலில் இறங்கி, கடலில் மிதந்து, கடலிலிருந்தே மேலெழும்பும் அந்தப் பறக்கும் படகுக்கு முன்னால் மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

அதன் கதை எங்கள் நாட்டுக் கதையும்தான். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, காலிக்கு அருகே கொக்கலை வாவியிலிருந்து கிளம்பிய ஒரு கற்றலினாதான் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டது. ஓட்டியவர் கனடாக்காரரான லெனாட் பேர்ச்சல். சீரோக்கள் சுட்டு வீழ்த்துவதற்குள் வானொலியில் எச்சரிக்கை அனுப்பிவிட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டபோது பல கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்தன. 1943 முதல் குவாண்டாஸின் கற்றலினாக்கள் அதே வாவிக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த்துக்கும் இடையே எங்கும் தரிக்காமல் பறந்தன. 27 மணி நேரத்துக்கு மேல் நீளும் அந்தப் பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்க்கலாம்!

இந்த வரலாறு முழுவதும் மேசையில் 44 சென்ரிமீற்றர் இறக்கை விரிப்பில் வந்து உட்காருகிறது. 1/72 அளவில் ஓர் அங்குலம் என்றால் ஆறு அடி. விமானி இரண்டரைச் சென்ரிமீற்றர்கூட இருக்கமாட்டார். பேர்ச்சலின் விமானத்தில் சக்கரம் கிடையாது, தண்ணீரில் மட்டும் இறங்கும் வகை. பெட்டியில் இருப்பது சக்கரம் வைத்த வகை என்றால், பக்கக் குழிகளைப் பிளாஸ்ரிக் தகட்டால் மூடி, புட்டி பூசி, தேய்த்து மட்டமாக்கவேண்டும். அந்த வேலைதான் எவ்வளவு சுகம்!

என்ஜினுக்கு வந்தால் நேரம் போவதே தெரியாது. ருவின் வாஸ்ப் என்ஜின். ஏழேழாக இரண்டு வரிசையில் 14 சிலிண்டர்கள். 1947 டிசம்பர் 10இல் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்த எயார் சிலோனின் முதல் டகோட்டாவிலும் இதே குடும்பத்து என்ஜின்தான். பழைய சார்ஜர் வயரைப் பிரித்தால் வரும் செப்பு இழைகளைச் சிலிண்டருக்கு ஒன்றாக ஒட்டுங்கள், என்ஜின் உயிர்பெற்றுவிடும். பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் சட்டத்தை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்தால் தலைமயிர் போல நூல் வரும். அன்ரெனா கம்பிக்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம்.

ஆனால் விமானத்தைப் பழுதாக்கிக் காட்டும் கலைக்கு எங்கள் யாழ்ப்பாணத் தீவகத்தைப் போன்ற பள்ளிக்கூடம் உலகில் இல்லை என்பேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று வள்ளங்களைப் பாருங்கள். வெயில் படும் மேற்பக்கம் வெளிறியிருக்கும், நிழல் விழும் பக்கம் நிறம் பிடித்திருக்கும். நீர்மட்டத்தில் பாசிக்கோடு. கயிறு உரசும் இடத்தில் மட்டும் பெயின்ற் உரிந்திருக்கும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடும் ‘பாதை’ என்னும் மிதவைப் படகில் ஏறினால், இரும்பில் கறள் எங்கே தொடங்கி எப்படி வழிகிறது என்று கண்ணுக்கு முன்னாலேயே தெரியும்.

இதைப் பார்த்த கண்ணுக்கு அடுத்த பாடமும் புரியும். கற்றலினாவின் உடல் அலுமினியம். அதில் செங்கறள் வராது. கடற்கரை வீட்டு அலுமினியச் சட்டியில் பூக்கும் வெள்ளைப் புள்ளிதான் வரும். இறக்கையின் பின்பகுதி துணி போர்த்தியது. அங்கே வெள்ளி உலோகம் எட்டிப்பார்த்தால் பிழை.

உரிந்த பெயின்ற்றைக் காட்டும் வழியும் உப்புத்தான்! முதலில் வெள்ளி நிறம் அடித்துக் காயவிட்டு, ஈரப்படுத்தி, பொடியாக்கிய உப்பைத் தூவி, அது ஒட்டிக்கொண்டதும் மேல்நிறத்தை விசிறவேண்டும். காய்ந்தபின் விரலால் தேய்த்துக் கழுவினால் உப்பிருந்த இடமெல்லாம் வெள்ளி தெரியும். உப்பு நன்றாகப் பொடியாகட்டும்: இந்த அளவில் ஒரு மில்லிமீற்றர் என்பது உண்மையில் ஏழு சென்ரிமீற்றர். இறங்கும்போது தண்ணீர் அறையும் அடிவயிறு, ஆட்கள் மிதிக்கும் இறக்கைமேல், கயிறு கட்டும் மூக்கு, இவ்வளவு போதும். மாரி ஈரத்தில் வார்னிஷ் பக்கம் போகாதீர்கள், வெண்மை பூத்துவிடும். சோளகத்தில் தூசு பறக்கும். யன்னலைச் சாத்திவிட்டு அடியுங்கள்.

வேலை முடிந்து, பக்கவாட்டுக் கண்ணாடிக் குமிழிகளில் வெளிச்சம் பட்டு மின்னும்போது வருகிற சந்தோசத்துக்கு ஈடே இல்லை. பொறுமையும் வரலாறும் கைத்திறனும் ஒன்றாகக் கற்றுத்தரும் வேறொரு பொழுதுபோக்கை நான் அறியேன். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் உறவுகளே, அடுத்தமுறை பிள்ளைகளுக்குச் சொக்லேற்றோடு ஒரு மொடல் பெட்டியும் கொண்டுவாருங்கள். முதல் பெட்டி சின்னதாக, ஒற்றை என்ஜின் விமானமாக இருக்கட்டும். கற்றலினாவை அவர்களே பிறகு கேட்பார்கள்.