நான்கு கட்டங்களுக்குள் அடங்காத பாம்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் நஞ்சற்ற பாம்பு ஒன்றுக்குச் சோளப் பாம்பு என்று பெயர். ஆரஞ்சு நிற முதுகில், கறுப்பு விளிம்பு கொண்ட சிவப்புத் திட்டுகள் வரிசையாக அமைந்திருக்கும். அங்கே இதை வீடுகளில் வளர்க்கிறார்கள். புதுப்புதுக் கோலங்கள் தோன்றும்படி இனக்கலப்புச் செய்து விற்கிறார்கள். இவ்வகை வளர்ப்பை விளக்க எப்போதும் கையாளப்படுவது, மெண்டல் விதியைக் காட்டும் நான்கு கட்டப் படம். உங்கள் பாடநூலிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். இப்படம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று ஆராய்வோம்.

முதலில் அதன் சிறப்பைக் கூறிவிட வேண்டும். கறுப்பு நிறமி இல்லாத சோளப் பாம்புகளை ஆராய்ந்த பெக்டெல் தம்பதியர், அது ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது என்று 1962இல் வெளியிட்டனர். கோலங்களுக்கும் இம்முறை பயன்படுகிறது. 'மாட்லி' வகையில் திட்டுகள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன; 'ஸ்டிரைப்' வகையில் நீளக் கோடுகள் ஓடுகின்றன. இரண்டும் ஒடுங்கு பண்புகளே. ஆயினும் இவ்விரண்டையும் கலந்தால் இயல்பான கோலமுள்ள குட்டிகள் பிறப்பதில்லை. எனவே இவை ஒரே ஜீனின் இரு மாற்று வடிவங்கள் என்பது தெளிவு. நுண்ணோக்கி இல்லாமலே கிடைக்கும் முடிவு இது!

இனிக் குறைகள். பெற்றோர் இருவரும் ஒடுங்கு ஜீனை மறைவாகச் சுமந்தால், நான்கில் ஒரு குட்டியிடம் அப்பண்பு வெளிப்படும் என்கிறது படம். இது நிகழ்தகவே தவிர, உறுதிமொழி அன்று. 12 முட்டைகள் பொரித்தால், ஒன்றில்கூட அப்பண்பு தோன்றாதிருக்கும் வாய்ப்பு (3/4)இன் 12ஆம் அடுக்கு. அதாவது சுமார் 3 சதவீதம்.

இரண்டாவது குறை, பெயரால் வரும் மயக்கம். 'ஸ்டிரைப் ஜீன்' என்றதும், ஜீனுக்குள் கோடுகளின் வரைபடம் இருப்பதாக எண்ணிவிடுகிறோம். 'டெராஸோ' என்ற வகையில் திட்டுகள் கோடுகளாக மாறுவதில் 'பி.எம்.இ.எல்.' என்னும் ஜீனுக்குப் பங்குண்டு என 2024இல் ஜெனீவா ஆய்வாளர்கள் அறிவித்தனர். நிறமித் துகள் உருவாவதில் பங்குகொள்ளும் ஒரு புரதத்திற்கான ஜீன் அது. கோலம் என்பது, கரு வளரும்போது நிறமிச் செல்கள் பரவி, ஒன்றையொன்று பாதித்து அமைவது. அந்த நிகழ்ச்சியைக் கட்டங்கள் காட்டுவதில்லை.

மூன்றாவது குறையே மிகப் பெரியது. விற்பனைக்கு உதவும் ஜீனுக்கு மட்டுமே கட்டம் போடப்படுகிறது. பாம்பிலுள்ள மற்ற ஜீன்கள் மறக்கப்படுகின்றன. 'சன்கிஸ்ட்' என்னும் கோலவகையின் வழிமரபில் 'ஸ்டார்கேசர்' என்ற நரம்புக் கோளாறு காணப்பட்டது. பாதிக்கப்பட்ட பாம்பு தலையை வானோக்கி வளைக்கும். உடலைச் சீராக நிலைப்படுத்த இயலாமல் தடுமாறும். இதுவும் ஒடுங்கு பண்பே. ஆகவே இதைச் சுமக்கும் பாம்பு நலமாகவே தோற்றமளிக்கும். விரும்பிய கோலத்திற்காக நெருங்கிய உறவுப் பாம்புகளையே திரும்பத் திரும்பக் கலக்கும்போது, இரு மறைந்த ஜீன்களும் ஒரே குட்டியில் சேரும் வாய்ப்பு பெருகுகிறது.

ஐயத்திற்குரிய பாம்பை, இந்த ஜீனைச் சுமப்பதாகத் தெரிந்த மற்றொன்றோடு கலந்து சோதிக்கலாம். 12 குட்டிகளும் நலமாகப் பிறந்தால் ஐயம் முற்றிலும் நீங்குமா? நீங்காது. ஐயத்திற்குரிய பாம்பு உண்மையில் அந்த ஜீனைச் சுமந்தாலும் அப்படி நிகழ 3 சதவீத வாய்ப்பு உண்டு என்று மேலே கண்ட அதே கணக்கு சொல்கிறது. மேலும், அது சுமப்பதாக இருந்தால், சோதனையின் விலை நோயுற்ற சில குட்டிகளே.

நான்கு கட்டப் படத்தைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அது நல்ல கணக்குக் கருவி. ஆனால் கணக்கில் சேர்த்ததற்குத்தான் அது விடை தரும். அடுத்த முறை அப்படத்தைக் காணும்போது, "இதில் எந்த ஜீன் விடுபட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். அழகிய தோலுக்கு அடியில் ஓர் உயிர் இருக்கிறது என்பதை அக்கேள்வி நினைவூட்டும்.